அரைக்காதும் அவளுடைய புள்ளியும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்த முனையைப் பிடித்தால் இன்னொருத்தி அந்த முனை. இழுத்து, உதறி, நாலு அடி நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. அறுநூறு தடவை எதிரே இருப்பவளின் முகத்தில் முழித்தாக வேண்டும். ஆகாதவளோடு இந்த வேலை ஓடாது. மூன்று வருஷமாக எனக்கு எதிர்முனை அரைக்காதுதான்.

அரைக்காது என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு காதில் எப்போதும் இயர்போன் செருகியிருப்பாள். மிச்சமிருக்கும் அரைக்காதுதான் எங்களுக்கு. இருபத்துநாலு வயது. ஒல்லிதான், ஆனால் மணிக்கட்டில் நல்ல வலு. ஈர விரிப்பு இரண்டைச் சேர்த்து ஒரே கையில் தூக்குவாள். கறையைப் பார்த்தவுடனே இது ரத்தம், இது மருந்து, இது யாரோ ஒளித்து வைத்துத் தின்ற மிட்டாய் என்று சொல்லிவிடுவாள். எங்கள் மேற்பார்வையாளன் ஒருநாள், உட்கார்ந்தால் வேலை நடக்காது என்று எங்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இவள் அவன் அறைக்குப் போய், உட்கார்ந்தால் உங்களுக்கும் வேலை நடக்காதே என்று கேட்டு, அவனுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை அதில் உட்காரவைத்தாள். மறுநாள் முக்காலி திரும்பி வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை எங்கே திறக்க வேண்டுமோ அங்கே திறக்காமல் போனாள் பாருங்கள், அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்கிறேன்.

தான் காதலித்தவனை அவள் முதலில் பார்த்ததே வாயால்தான். எங்கள் கூடத்துச் சரக்கு லிஃப்ட், துணிவண்டியோடு இவளையும் உள்ளே வைத்து இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிறவன் வந்தான். உள்ளே போனுக்கு உயிர் இல்லை. அவன் மேலே கதவிடுக்கில் வாயை வைத்துக்கொண்டு, பயப்படாதீங்க, இதோ ஆச்சு என்று நாற்பது நிமிஷம் பேச்சுக் கொடுத்தான். நாங்கள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதை, இவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் விழுந்த கதை. சிரிப்புச் சத்தம் வேறு. வெளியே வரும்போது இவள் முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அந்த நாற்பது நிமிஷம்தான் அவர்கள் ஒழுங்காகப் பேசியது என்று இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் எல்லாம் போனில். ஆறு மாதம் கழித்து, அவன் இருக்கிற இடம் இவள் போனிலும், இவள் இருக்கிற இடம் அவன் போனிலும் தெரிகிற மாதிரி ஏதோ செய்துகொண்டார்கள். படத்தில் தெரு தெருவாகக் கோடு போட்டிருக்கும். நடுவில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் அவனாம். எதுக்குடி இது என்று கேட்டேன். நம்பிக்கைக்கு என்றாள். நம்பிக்கை இருந்தால் இது எதற்கு, இது இருந்தால் நம்பிக்கை எதற்கு என்று நான் கேட்டதற்கு அரைக்காது முழுக்காதாக மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து அவன் பெயர் புள்ளி. எங்கள் கூடத்து இஸ்திரிக்காரி தினமும் காலையில், "நம்ம பெரும்புள்ளி இன்னிக்கி எங்க விஜயம்?" என்று கேட்பாள். இவளும் முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் போனைத் தடவி, பாங்குக் கட்டடத்தில் இருக்கான், சாப்பாட்டுக் கடையில் இருக்கான் என்று சொல்வாள். சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்கிற வேலை மிச்சம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கிற வேலையும் மிச்சம். எல்லாம் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, கடைசியில் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ராத்திரி என்ன பேசினீர்கள் என்று கேட்டால், பேசல பெரியம்மா, ரெண்டு பேரும் ஆன்லைன்ல இருந்தோம் என்பாள்.

நான் இதைப் பழித்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். என் புருஷன் என்னோடு வாழ்ந்த இருபத்தெட்டு வருஷமும் அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. மர டிப்போவில் இருக்கிறேன் என்பான். ஏழு வருஷம் கழித்துத்தான் டிப்போவுக்குப் பின்வீட்டில் இருந்தான் என்று தெரிந்தது. அப்போது எனக்கு ஒரு புள்ளி இருந்திருந்தால் ஏழு வருஷம் மிச்சமாகியிருக்கும். அதனால் புள்ளியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. புள்ளியை மனுஷன் என்று நினைத்தாளே, அதில்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவனுக்கு வெளியூர் மாற்றல் வந்தது. இரண்டு வருஷம் அங்கேதான். சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அதற்குள் இவள் அப்பாவிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அப்பா பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். அம்மா பெரிய மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அப்பாவிடம் இவளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச்சொல்லு, ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி என்றார். அதற்கே இவள் என்னைக் கட்டிப்பிடித்து விரிப்புக் குவியலில் தள்ளினாள். இது நடக்கவில்லையென்றால் அப்பா வேறு இடம் பார்ப்பார். இரண்டு வருஷம் வைத்துக்கொண்டு இருக்கமாட்டார். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அவள் லீவு. நானும் இஸ்திரிக்காரியும் மடித்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணி தாண்டியிருக்கும், புள்ளி எங்கள் வாசலில் வந்து நிற்கிறான். புதுச்சட்டை. நெஞ்சிலிருந்து வயிறுவரை கிரீஸ் கறை. வேர்த்து ஊற்றுகிறது.

"பெரியம்மா, அவ வீடு எங்க இருக்கு?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. இரண்டு வருஷம் காதலித்தவன் கேட்கிற கேள்வியா இது?

நடந்தது இதுதான். மூன்று மணிக்கு அவன் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் கடைசி வேலையை முடித்திருக்கிறான். குனிந்து கதவைப் பூட்டும்போது சட்டைப்பையில் இருந்த போன் நழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டது. எடுக்கப் பார்த்ததில்தான் கிரீஸ். குழியின் சாவி இன்னொருவனிடம். அவன் நாளைக் காலையில்தான் வருவான். போன் போனால் போகட்டும், பொண்ணு போகக் கூடாது என்று பையன் வண்டியை எடுத்துவிட்டான். இதைக் கேட்டதும் எனக்கு அவன் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது.

ஆனால் வீடு தெரியாது. இதுவரை அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டதோடு சரி. அன்றைக்கு வீட்டுக்கு வழியை அவள் போனில் அனுப்பியிருந்தாள். போன் குழியில். அவள் நம்பர் மனப்பாடம் இல்லை. அவள் அப்பா பெயர்கூடத் தெரியாது. போனில் மாமா என்று போட்டு வைத்திருந்தானாம், முகூர்த்தத்துக்கு முன்னாலேயே. பஸ் டிரைவர் குடியிருப்பு என்று மட்டும் தெரியும். அங்கே பத்துப் பன்னிரண்டு கட்டடம், எல்லாம் ஒரே அச்சு. ஒரு மணி நேரம் படி படியாக ஏறி, பஸ் டிரைவர் வீடு எது என்று கேட்டிருக்கிறான். ஒரு கிழவர் சொன்னாராம், இங்க நாய் வீடு தவிர எல்லாம் பஸ் டிரைவர் வீடுதான் தம்பி என்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறேன். இவன் வெண்ணெய் எங்கே என்றே தெரியாமல் அலைந்திருக்கிறான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. போனில் பெயரைப் பார்த்து அழுத்த வராது. அதனால் வேண்டியவர்கள் நம்பரெல்லாம் தலைக்குள்தான் இருக்கும். அவள் நம்பரை என் பட்டன் போனில் அடித்தேன். மணி அடித்தது, கட் செய்தாள். மறுபடி அடித்தேன், மறுபடி கட். மூன்றாம் தடவையும் அப்படியே. மேற்பார்வையாளன் எட்டிப் பார்த்து, வேலை நேரத்தில் என்ன பேச்சு என்றான். உங்க அம்மா செத்தாலும் சாயங்காலம்தான் சொல்லணுமா என்று கேட்டுவிட்டு, விரிப்பைப் போட்டது போட்டபடி கிளம்பினேன். எழுபது வயதில் ஒரு வாலிபன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பைக்கில் போனேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டாவது கட்டடம், கைப்பிடி உடைந்த படிக்கட்டு. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு தடவை போயிருக்கிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா காக்கிச் சட்டையோடு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

இவன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் முன்னால் நின்றான். மூச்சு வாங்குகிறது. நான்தாங்க என்றான். அவர் கிரீஸ் கறையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீ வேற எடத்துல இருக்கறதா எம் பொண்ணு சொன்னாளே."

போன் விழுந்ததை இவன் சொன்னான். நானும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன் தம்பி. நான் காத்திருப்பேன், ஸ்டாண்டுல அம்பது பேரு காத்திருக்க மாட்டாங்க. காலையில ஒம்பது மணிக்கு வா. முழிச்சிருக்கேன்."

அவ்வளவுதான், போய்விட்டார். மனுஷன் தங்கம். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாரே, இதற்குமேல் என்ன வேண்டும்?

மேலே ஏறினோம். அரைக்காது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல புடவை, அழுது வீங்கிய கண். கையில் போன். அவனைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"நீ இன்னும் அங்கதான் இருக்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புள்ளியைக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றியிருப்பேன். ஆள் மூக்குக்கு முன்னால் வேர்வை நாற்றத்தோடு நிற்கிறான். இவளுக்கு அவன் அங்கே இருக்கிறான்.

அங்கே என்றால் எங்கே என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஆபீஸ் கட்டடத்தில் நாலாவது மாடியில் அவனுடைய பழைய சிநேகிதி வேலை பார்க்கிறாள். இவளுக்கு முன்னால் ஒரு வருஷம் பழகியவள். அதை அவனே இவளிடம் சொல்லியிருக்கிறான், ஒளிக்கவில்லை. நாலு மணிக்குப் புள்ளி அங்கே. நாலரைக்கும் அங்கே. ஐந்துக்கும் ஒரு நூல் அசையவில்லை. ஊருக்குப் போவதற்குமுன் விடைபெறப் போயிருக்கிறான் என்று இவளே கதை கட்டி, அப்பாவிடம், அவன் வரமாட்டான்பா, வேற ஒருத்திகூட இருக்கான் என்று சொல்லியும் விட்டாள்.

"நான் மூணு தடவ அடிச்சேனேடி, எடுக்கக் கூடாதா?"

"நீங்க கூப்பிட்டா மேப் மறையுது பெரியம்மா."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். விழுந்து விழுந்து சிரித்தான். குழிக்குள்ள இருக்கற போனுகிட்ட போய் அழுதியா என்று கேட்டான். அவளும் சிரித்து, அழுது, அவன் கிரீஸ் சட்டையைப் பிடித்து இழுத்து, எல்லாம் ஆயிற்று. போகும்போது, "கோவத்துல என்னென்னவோ எழுதி அனுப்பிட்டேன். படிக்காத" என்றாள். சரி என்றான். காலையில் வருகிறேன் என்று போனான். நானும் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். தூங்கியிருக்கக் கூடாது. அவள் போனைப் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

அவன் படித்துவிடுவானோ என்று இவளுக்குப் பயம். எழுதிய அத்தனையையும் இங்கிருந்தே அழித்தாள். இவள் அழித்தால் அவன் போனிலும் அழிந்துவிடுமாம். ஆனால் அழித்த இடத்தில் இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்குமாம். பாத்திரத்தைக் கழுவிவிட்டு, இங்கே விஷம் இருந்தது என்று சீட்டு ஒட்டி வைக்கிற மாதிரி. இதை எந்தப் புத்திசாலி செய்து வைத்தானோ, அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அவன் போனைக் குழியிலிருந்து எடுத்தான். திறந்தால் பதினேழு வரி. அழிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது. ஒன்பது மணிக்கு வந்தவன் மாடி ஏறவில்லை. இவளைக் கீழே கூப்பிட்டான். மேலே அப்பா குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என்ன எழுதினாய் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். ஒண்ணுமில்லாததுக்கு பதினேழு தடவையா என்றான். விடு என்றாள். அவன் விடவில்லை. எங்க அம்மாவைப் பத்தியா? அவளைப் பத்தியா? அப்படி என்ன, அழிக்கற அளவுக்கு? இவளுக்கு ரோஷம். நேரில் வந்து நின்றவனை நம்பாமல் எழுதியதைத் தன் வாயாலேயே எப்படிச் சொல்வது என்று வெட்கம் வேறு. வாயை மூடிக்கொண்டாள். மேற்பார்வையாளனின் நாற்காலியைத் தூக்கிய வாய். அவன் கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, நான் ஊருக்குப் போய்ப் பேசறேன் என்று வண்டியை எடுத்துவிட்டான். அப்பா இரண்டாம் தடவையும் சட்டையைக் கழற்றினார். மூன்றாம் தடவை மாட்டமாட்டார்.

இரண்டு மாதம் ஆகிறது. ஊருக்குப் போய் அவன் பேசவில்லை. இவளும் பேசவில்லை. ஆனால் இரண்டு பேரும் அந்தப் புள்ளியை மட்டும் அணைக்கவில்லை. அவன் புள்ளி அங்கே நகர்வதை இவள் பார்க்கிறாள். இவள் புள்ளி சலவைக்கூடத்துக்கும் வீட்டுக்கும் போய் வருவதை அவனும் அங்கே பார்த்துக்கொண்டிருப்பான் என்கிறாள். அப்பா ஒரு வரன் விசாரித்து வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் வருகிறார்கள்.

நேற்று விரிப்பின் முனை ஒன்றுகூடச் சேரவில்லை. நான் இழுத்த இழுப்பில் அவள் முன்னால் வந்து விழுந்தாள். அந்தப் பதினேழில் என்னதான்டி எழுதினாய், இப்போது சொல்கிறாயா, இந்தத் துணியால் கழுத்தைச் சுற்றவா என்றேன். சொன்னாள். பதினாலு தடவை, எங்க இருக்க, எங்க இருக்க. இரண்டு வசவு. அந்த வசவு இரண்டையும் நான் என் புருஷனைக் காலையில் பல் விளக்குவதற்குமுன் சொல்லியிருக்கிறேன். கடைசி ஒன்று, வராதே.

"இவ்வளவுதானா? இதச் சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமேடி."

"இப்ப சொன்னா நம்ப மாட்டான் பெரியம்மா. காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. அழிச்சிட்டேனே."

அவன் நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தாள், தலைக்குள் ஏறிவிட்டது. என் போனில் அடித்தேன். உடனே எடுத்தான். இதுதான்டா எழுதினாள், பதினாலு எங்க இருக்க, போதுமா என்றேன். 

"நீங்க சொல்றீங்க பெரியம்மா. அவ சொல்லட்டும்."

போனை அவள் பக்கம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவன் கேக்கட்டும்."

என் பட்டன் போனுக்குச் சத்தம் பெரிது, இரண்டு பேர் பேச்சும் இரண்டு பேருக்கும் கேட்டது. நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கொடிக்கம்பு மாதிரி. கொஞ்ச நேரம் பார்த்தேன். என் கைதான் வலித்தது. அணைத்துவிட்டேன்.

நானூறு விரிப்பு பாக்கி. விரிப்பு இன்னும் வரவில்லையா என்று இஸ்திரிக்காரி அந்தப் பக்கம் கத்துகிறாள். முனையை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறுகையில் போனைத் தடவினாள்.

"பெரியம்மா, அசையுது."

"பசிச்சிருக்கும், சாப்பிடப் போவான். ரெண்டு கையாலயும் பிடி."